விரும்பாமல் நேர்ந்ததைத் தமிழில் எழுதும் முறை

ஒருவர் செய்ததையும் ஒருவருக்கு நேர்ந்ததையும் பிரித்துச் சொல்வதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் தமிழ் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இருந்தும், காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார், அலுவலகத்தில் எழுதித்தரும் விளக்கக் கடிதம், மருத்துவரிடம் சொல்லும் நோய் விவரம், விபத்துச் செய்தி, மொழிபெயர்ப்பு எனச் சொல்லுக்குப் பொறுப்பு கூடுதலாக உள்ள இடங்களில்தான் அவை அதிகமாகத் தவறவிடப்படுகின்றன. எந்த வினையை வேண்டுமானாலும் எழுதிவிட்டு, முன்னால் 'தற்செயலாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தலைகீழான வழி. முதலில் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அடுத்து எழுவாயையும் வேற்றுமையையும், பிறகு துணைவினையை. அடைச்சொல் கடைசியில்தான் வரவேண்டும், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

எழுத உட்காருமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: அந்தச் செயலில் இல்லாமற்போனது எண்ணமா, தெரிவா? கூட்ட நெரிசலில் அடுத்தவர் காலை மிதித்தவருக்கு அப்படிச் செய்யும் எண்ணம் இல்லை. மிரட்டலுக்கு அஞ்சி வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவருக்கு எண்ணம் இருந்தது, பேனாவை எடுத்தது அவரே, ஆனால் மறுப்பதற்கு வழி இருக்கவில்லை. தும்மியவருக்கு இரண்டுமே இல்லை. இந்த மூன்றுக்கும் தமிழில் வெவ்வேறு அமைப்புகள் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும், ஆனால் பொய் சொல்லும்.

உடைந்ததும் உடைத்ததும்

முதற்கருவி, பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்த இணைகள். உடைந்தது, உடைத்தது; கிழிந்தது, கிழித்தது; கவிழ்ந்தது, கவிழ்த்தது; எரிந்தது, எரித்தது; கலங்கியது, கலக்கியது; நிரம்பியது, நிரப்பியது; மாறியது, மாற்றியது. மெல்லின ஒலி இருந்த இடத்தில் வல்லினம் இரட்டிக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் வல்லினமே இரட்டிக்கிறது. அந்த ஒரு ஒலி மாற்றத்தில் செய்தவர் ஒருவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். குவளை உடைந்தது என்றால் யாரும் கண்ணில் தெரியவில்லை; குவளையை உடைத்தது என்றவுடன் எது, யார் என்ற கேள்வி எழுகிறது. அடுப்படியில் சத்தம் கேட்டு ஓடிவரும் தாய், 'உடைஞ்சுடுச்சும்மா' என்று குழந்தை சொன்னதும், 'தானா உடைஞ்சுதா, நீ உடைச்சியா?' என்று கேட்பது இந்த இணையின் முழுப் பயனையும் அறிந்த கேள்வி. இலக்கணம் படிக்காத வாயிலும் அது பிசகுவதில்லை.

பொருளையே செய்தவர் போல நிறுத்திச் சொல்லும் இந்த வழக்கு புதியதன்று. தொல்காப்பியத்தின் வினையியல், 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்று இதற்கு இடம் தருகிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று' என்பது. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். மெழுகியவர் யார் என்பது அந்தப் பேச்சுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே இத்தகைய வாக்கியம் பொய்யன்று. செய்தவரைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் அதை எழுதும்போதுதான் அது பொய்யாகிறது.

சில வினைகளுக்கு இணை கிடையாது. சிந்து, கொட்டு, வெடி, திற ஆகியவை இரண்டு பக்கமும் நிற்பவை. பால் சிந்தியது என்பதும் பாலைச் சிந்தினார் என்பதும் ஒரே வினை. இங்கே பிரித்துக்காட்டுவது இரண்டாம் வேற்றுமை உருபு மட்டுமே. பேச்சில் அந்த 'ஐ' எளிதாக விழுந்துவிடும். எழுத்தில் அதை விடக் கூடாது. 'பட்டாசு வெடித்து மூவர் காயம்' என்ற தலைப்பில் பட்டாசு தானாக வெடித்ததா, அவர்கள் வெடித்தார்களா என்று வாசகருக்குத் தெரியாது. 'பட்டாசை வெடித்தபோது' அல்லது 'வைத்திருந்த பட்டாசு வெடித்ததில்' என்று எழுதினால் ஐயம் தீரும்.

எழுதிய வினை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதற்கு முன்னால் 'வேண்டுமென்றே' என்ற சொல்லை வைத்துப் படித்துப் பாருங்கள். வேண்டுமென்றே கிழித்தார் என்பது நிற்கிறது. வேண்டுமென்றே கிழிந்தது என்பது நிற்கவில்லை. வேண்டுமென்றே விழுந்தார் என்பதை, நடிகரைப் பற்றியோ கால்பந்து வீரரைப் பற்றியோ என்றால் ஏற்கலாம். ஆகவே 'விழு' இரண்டுக்கும் இடம் தரும் வினை. வேண்டுமென்றே வழுக்கினார் என்றால் காது ஏற்க மறுக்கிறது. தமிழில் வழுக்குவது கால், தடுக்குவது கல், இடறுவதும் கால். ஆள் விழுகிறார், அவ்வளவே.

உடலும் மனமும்

நம் விருப்பத்தைக் கேட்காமல் உடலில் எழுபவற்றுக்குத் தமிழ் நான்காம் வேற்றுமையைக் கொடுத்திருக்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வியர்க்கிறது, அவருக்கு விக்கல் எடுத்தது, குழந்தைக்குப் புரையேறியது, பாட்டிக்கு மயக்கம் வந்தது. ஆள் எழுவாயாக நிற்பதில்லை. வந்து சேரும் இடமாக நிற்கிறார். திருக்குறளில் நிறையழிதல் அதிகாரத்தில் ஒரு பெண், காமத்தை நான் மறைக்கத்தான் பார்க்கிறேன், அதுவோ 'குறிப்பின்றித் தும்மல்போல் தோன்றி விடும்' என்கிறாள் (1253). குறிப்பின்றி என்பதற்குப் பொருள், என் எண்ணத்தைச் சாராமல் என்பது. 'மறைப்பேன்' என்பதில் அவள் செய்பவள். 'தோன்றிவிடும்' என்பதில் அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விருப்பம் முடிந்து விருப்பமின்மை தொடங்கும் இடத்தை இத்தனை சிறிய அளவில் இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு வரியை நான் படித்ததில்லை.

ஒரே உணர்வாக இருந்தாலும், அதில் நம் பங்குக்கு ஏற்றாற்போல இந்த அமைப்பு படிப்படியாக மாறும். எனக்குக் கோபம் வந்தது என்றால் அது தானாக வந்தது, நான் தடுத்திருக்க முடியாது. கோபப்பட்டேன் என்றால் அதற்கு நான் இடம் கொடுத்தேன். கோபித்துக்கொண்டேன் என்றால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன், பேசாமலும் இருந்திருப்பேன். மன்னிப்புக் கடிதம் எழுதுபவர் இந்த மூன்றில் எது உண்மை என்று நின்று யோசிப்பது நல்லது. அதேபோல மறந்துவிட்டேன் என்பதில் குறை என்னுடையது. எனக்கு மறந்துபோயிற்று என்பதில் நினைவின் குறை. முதலாவது நேர்மையானது என்பதால், கடமையை மறந்த இடத்தில் அதையே எழுத வேண்டும் என்பேன்.

மொழிபெயர்ப்பில் பெருமளவு கெடுவது இந்தப் பகுதிதான். 'நான் சோர்வாக உணர்கிறேன்', 'அவர் பசியை உணர்ந்தார்' போன்ற வாக்கியங்கள் வசன வரிகளிலும் விளம்பரங்களிலும் நாள்தோறும் வருகின்றன. எனக்கு அசதியாக இருக்கிறது, அவருக்குப் பசித்தது என்பவை குறுகியவை, உண்மையானவை, எந்த ஊரிலும் பேசப்படுபவை. எங்கு 'உணர்' வந்தாலும் அதை நீக்கி, ஆளுக்குக் 'கு' உருபைக் கொடுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது இடங்களில் வாக்கியம் நிமிர்ந்து உட்காரும்.

உடற்செயல்களிலும் வினையைத் தேர்ந்து எழுத வேண்டியவை உண்டு. கண் இமைத்தது என்றால் இயற்கை. கண்ணைச் சிமிட்டினார் என்றால் செய்தி சொன்னார். இருமினார் என்பது இரண்டும் ஆகலாம். இருமல் வந்தது என்பது ஒன்றுதான். கனைத்தார் என்றால் யாரையோ அழைக்கிறார் அல்லது எச்சரிக்கிறார். கண் கலங்கியது, நா தழுதழுத்தது, கை நடுங்கியது, மயிர்க்கூச்செறிந்தது ஆகியவற்றில் உறுப்பே எழுவாயாக நிற்கிறது. அங்கே 'அவர் தம் கைகளை நடுங்கினார்' என்று ஆளைக் கொண்டுவருவது தமிழாகாது. இவற்றுள் சிலவற்றுக்குப் பள்ளிப் பாடநூல்கள் அனிச்சைச் செயல் என்று பெயரிட்டிருக்கின்றன. சூடான பாத்திரத்தில் விரல் பட்டவுடன், மூளை வலியை அறிவதற்கு முன்பே, தண்டுவடத்தின் வழியாகவே கட்டளை வந்து கை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறதே, அது அனிச்சைச் செயல். கதைகளில் 'அனிச்சையாகத் தலைமுடியைக் கோதினான்' என்று எழுதுவது பழக்கத்தால் வரும் செயலை அதோடு குழப்புகிறது. அந்த இடத்துக்குத் 'தன்னையறியாமல்' என்ற சொல் பொருந்தும். வண்டியை விட்டு இறங்கியவர் பழைய வீட்டுப் பக்கமே நடந்துவிட்டார் என்றால் 'பழக்கதோஷத்தில்' என்று பேச்சில் சொல்வோம். எழுத்திலும் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பட்டதும் தொட்டதும்

ஐம்புலன்களுக்கும் தமிழ் இரட்டை வினைகளை வைத்திருக்கிறது. பார்த்தார் என்பதற்கு எதிரே கண்ணில் பட்டது. கேட்டார், ஒட்டுக்கேட்டார் என்பவற்றுக்கு எதிரே காதில் விழுந்தது. முகர்ந்தார் என்பதற்கு எதிரே வாடை அடித்தது. தொட்டார் என்பதற்கு எதிரே கை பட்டது. சுவைத்தார் என்பதற்கு எதிரே வாய் கசந்தது. 'பக்கத்து அறையில் அவர்கள் பேசியதைக் கேட்டேன்' என்று ஒருவர் விசாரணையில் எழுதிக்கொடுத்தால், ஏன் கேட்டீர்கள் என்ற கேள்வி அவரை நோக்கி வரும். 'அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது' என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. நடந்தது பின்னதாக இருந்தால் பின்னதைத்தான் எழுத வேண்டும்.

'பட்டது' என்ற வினையை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் அது அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. பேருந்தில் ஒரு பெண்ணிடம் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டால், அவர் சொல்லும் சமாதானம் எப்போதும் 'கை தெரியாமல் பட்டுவிட்டது' என்பதாகவே இருக்கும். புகார் எழுதித்தரும் பெண்ணோ, கூச்சத்தினாலோ அருகில் இருப்பவர்கள் சொல்லியோ, 'அவர் கை என்மேல் பட்டது' என்றே எழுதிவிடுவதுண்டு. அந்த வாக்கியம் எதிராளியின் சமாதானத்தைத் தானே எழுதிக்கொடுப்பதற்குச் சமம். நடந்தது தொடுதல் என்றால் 'தொட்டார்' என்று எழுத வேண்டும். விலகி நின்ற பிறகும் தொடர்ந்தது என்றால் 'விலகிய பிறகும் மீண்டும் தொட்டார்' என்று எழுத வேண்டும். 'மீண்டும்' என்ற சொல் தற்செயலை முற்றாக நீக்குகிறது. மறுபுறம், வரிசையில் பின்னால் நின்றவர் தள்ளியதில் ஒருவருடைய கால் உண்மையிலேயே முன்னால் இருந்தவர்மேல் பட்டிருந்தால், 'உதைத்தார்' என்று எழுதுவது அநியாயம்.

விடு, போ, கொள்

துணைவினைகளில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது 'விடு'. உடைத்துவிட்டேன் என்பதில் வருத்தம் தொனிக்கிறது, எண்ணாமல் நடந்தது என்ற குறிப்பும் வருகிறது. ஆனால் வேலையை முடித்துவிட்டேன், கடனை அடைத்துவிட்டேன் என்பவற்றில் அதே 'விடு' நிறைவைக் காட்டுகிறது. 'பழைய கடிதங்களையெல்லாம் கிழித்துவிட்டார்' என்ற வாக்கியத்தில் அவர் தெரியாமல் கிழித்தாரா, கிழித்து முடித்தாரா என்பதற்கு விடை இல்லை. பேச்சில் குரல் தீர்த்துவைக்கும். எழுத்தில் குரல் இல்லை. எனவே 'விடு' மட்டும் போதும் என்று நம்பாமல், காரணத்தை ஒரு தொடராகச் சேர்க்க வேண்டும்: 'குப்பைக் காகிதம் என்று நினைத்துக் கிழித்துவிட்டார்.'

'போ' அப்படி ஏமாற்றாது. உடைந்துபோயிற்று, காய்ந்துபோயிற்று, காணாமற்போயிற்று, பயந்துபோனேன், அசந்துபோனேன் என, படுபவற்றோடு மட்டுமே அது சேரும்.

'கொள்' என்பது இருமுகம் கொண்டது. உயிரற்ற பொருளோடு வரும்போது அது தானாக நிகழ்ந்ததைக் காட்டும் மிக அழகிய கருவி: கதவு திறந்துகொண்டது, தீ பற்றிக்கொண்டது, சேலை முள்ளில் மாட்டிக்கொண்டது. ஆளோடு வரும்போது செயலின் பலன் செய்தவருக்கே திரும்புகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எண்ணம் இருந்ததா என்று சொல்லாது. காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டார் என்றால் தவறி நடந்தது என்று சூழல் சொல்கிறது. சூழல் இல்லாமல் 'கையை வெட்டிக்கொண்டார்' என்று மட்டும் மருத்துவமனைக் குறிப்பில் எழுதினால் படிப்பவர் வேறு பொருள் கொள்வார். அங்கே 'காய் நறுக்கும்போது கத்தி பட்டு விரலில் வெட்டுக்காயம்' என்று எழுதுவதே பாதுகாப்பானது.

அடைச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல

தற்செயலாக என்பது இரண்டு நிகழ்ச்சிகள் திட்டமில்லாமல் சந்திப்பதைக் குறிக்கும். கடைத்தெருவில் பழைய ஆசிரியரைத் தற்செயலாகப் பார்ப்பது போல. அதில் குற்றமும் இல்லை, வருத்தமும் இல்லை. தவறுதலாக என்றால் செயலைச் செய்யும் எண்ணம் இருந்தது, ஆனால் இலக்கு மாறிவிட்டது. வேறொருவர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவது தவறுதலாக நடப்பது, தற்செயலாக நடப்பதன்று. அறியாமல் என்றால் செய்தவருக்கு ஒரு தகவல் தெரியாது; எந்தத் தகவல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கைதவறி, வாய்தவறி, கால்தவறி என்பவை உறுப்பின் பிழையைச் சொல்பவை. இவற்றில் இருக்கும் துல்லியத்துக்காக நான் இவற்றையே முதலில் தேடுவேன். கவனக்குறைவாக என்றால் எண்ணம் இல்லை, ஆனால் குற்றம் உண்டு.

'யதேச்சையாக' என்ற சொல்லை ஆவணங்களில் தவிர்த்துவிடுவது நல்லது. இன்று பலரும் அதைத் தற்செயலாக என்ற பொருளில் எழுதுகிறார்கள். ஆனால் யதேச்சை என்பதன் மூலப்பொருள் இச்சைப்படி, விருப்பம்போல என்பது. யதேச்சாதிகாரம் என்று, ஒருவர் தம் விருப்பப்படி நடத்தும் ஆட்சியைச் சொல்வது அந்தப் பொருளில்தான். எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டிய வாக்கியத்தில், தன் விருப்பப்படி என்று பொருள் தரக்கூடிய ஒரு சொல் இருக்க வேண்டாம்.

சட்டத்தின் முன் இந்த வேறுபாடுகள் சிறைத்தண்டனையின் ஆண்டுகளாக மாறுகின்றன. 2024 ஜூலை 1 முதல், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு, குற்ற எண்ணமோ அறிவோ இன்றி, சட்டப்படியான செயலைச் சட்டப்படியான முறையில், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யும்போது விபத்தாக நேர்வது குற்றமாகாது என்கிறது. 106ஆம் பிரிவோ, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய 304ஏ பிரிவில் அது இரண்டாண்டாக இருந்தது. 18, 106 ஆகிய இரு பிரிவுகளிலும் கொல்லும் எண்ணம் இல்லை. முக்கியமாக வேறுபடுத்துவது கவனம் இருந்ததா என்பதே. சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற தொடர் வழக்கமாக இடம்பெறுவது இதனால்தான். ஆகவே, விளக்கம் எழுதுபவர் 'எதிர்பாராத விதமாக மோதிவிட்டது' என்று நிறுத்திக்கொள்வதில் பயனில்லை. எவ்வளவு வேகத்தில் வந்தார், எப்போது பிரேக்கை மிதித்தார், எதிரே இருந்தது எப்போது கண்ணில் பட்டது என்று எழுத வேண்டும். கவனம் இருந்தது என்பதை அடைச்சொல் காட்டாது, வினைகள் காட்டும்.

வேறு வழியின்றிச் செய்தது

எண்ணம் இருந்து தெரிவு இல்லாத செயல்களுக்கு நேர்ந்தது, நேரிட்டது, வேண்டியதாயிற்று, வேண்டிவந்தது ஆகிய முடிபுகள் உள்ளன. ஊரை விட்டுப் போக நேர்ந்தது, நகையை விற்க வேண்டியதாயிற்று. சூழ்நிலை நெருக்கியபோது இவை போதும். நெருக்கியது ஒரு மனிதர் என்றால் இவை போதா, ஏனெனில் இவற்றில் அந்த மனிதருக்கு இடமே இல்லை. 'வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட நேர்ந்தது' என்று எழுதினால் ஊழ்வினை செய்ததுபோல ஆகிவிடும். 'போட வைத்தார்கள்' என்று, வைத்தவர்கள் யார், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பவற்றோடு எழுத வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வலுக்கட்டாயத்தால் பெற்ற சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கருதுவதில்லை. அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் உரிமை, கட்டாயப்படுத்தப்பட்டவருக்கு உண்டு. அதைக் கோருவதற்குக் கட்டாயப்படுத்தியவர் வாக்கியத்தில் எழுவாயாக நிற்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான பிழை அலுவலகக் கடிதங்களில் இருக்கிறது. 'தவறு நேர்ந்துவிட்டது', 'கோப்பு காணாமற்போய்விட்டது', 'தாமதம் ஏற்பட்டுவிட்டது' என்று, மனிதர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும் மழை பெய்ததுபோல எழுதப்படுகின்றன. ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் இப்படிச் சொல்வது அவரை அவமதிப்பது. 'உங்கள் விண்ணப்பத்தை நாங்கள் உரிய பிரிவுக்கு அனுப்பத் தவறிவிட்டோம்' என்ற வாக்கியத்தில் எண்ணமின்மையும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. 'தவறிவிட்டோம்' என்ற வினை இரண்டையும் ஒருசேரத் தாங்கும். அலுவலகத் தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான வினை இல்லை.

எண்ணம் இருந்ததா என்றே தெரியாத நிலையும் உண்டு. மாடியிலிருந்து ஒருவர் கீழே விழுந்து கிடக்கிறார். எப்படி விழுந்தார் என்பதைப் பார்த்தவர் எவரும் இல்லை. குதித்தார் என்றால் எண்ணத்தை ஏற்றுகிறோம், தவறி விழுந்தார் என்றால் எண்ணத்தை நீக்குகிறோம், தள்ளப்பட்டார் என்றால் இன்னொருவரைக் கொண்டுவருகிறோம். விசாரணை முடியும்வரை எழுதத்தக்கது 'விழுந்தார்' என்ற வெறும் வினை மட்டுமே. அதற்கு முன்னால் எந்த அடைச்சொல்லும் வரக் கூடாது. விழுவதைக்கூட யாரும் பார்க்கவில்லை என்றால், 'கீழே கிடந்தார்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.